கோலமாவில் ஒரு ரயில் நிலையம்

நகர சபையில் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பூங்காவனத்துக்குப் பயமாக இருந்தது. அவள் சொல்வதை வைத்துத்தான் உப்புமேட்டில் ரயில் நிற்குமா, நிற்காமலே போய்விடுமா என்பது முடிவாகும்.

அந்த நகரம் தூங்கும்போதும் வளர்ந்துகொண்டிருந்தது. நேற்று வானம் இருந்த இடத்தில் இன்று ஒரு மாடி இருக்கும். ரயிலுக்கான தூண்கள் மேகத்துக்குள் நடந்து போவதுபோல வரிசையாக நின்றன.

நகரத்தை வடிவமைக்கும் ஏகாம்பர ஆசானிடம் அவள் சிஷ்யை. "நிலையம் எத்தனை பெரிசு என்று தரையில் வரைந்து காட்டு. ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்து சபையில் சொல்" என்று அவளை அனுப்பியிருந்தார்.

விடியும் முன்பே உப்புமேட்டு மைதானத்தில் நான்கு சுவரையும் கோலமாவால் இழுத்தாள். உள்ளே நடைமேடை, படிக்கட்டு எல்லாம் போட்டாள். பனியில் அந்த நிலையம் மிதந்தது.

ஜனங்கள் வந்தார்கள். கோட்டருகே வந்ததும் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். கீரை விற்கும் தனபாக்கியம்கூடத் தலைச்சுமையோடு அத்தனை தூரம் வளைந்து போனாள். வெயில் ஏறியும் ஒருத்தர் உள்ளே வரவில்லை.

பூங்காவனம் ஆசானிடம் ஓடினாள். "ஐயா, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கால் உள்ளே படவில்லை. சபையில் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?"

ஆசான் மைதானத்துக்கு வந்து பார்த்தார். "எதால் வரைந்தாய்?"

"கோலமாவால்தான். எனக்கு அதுதானே கைவரும்?"

அவர் குனிந்து, தோள் துண்டால் கோட்டில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துடைத்தார். பிறகு தள்ளி நின்றுகொண்டார்.

கூடையோடு திரும்பி வந்த தனபாக்கியம் அந்த இடைவெளியைப் பார்த்து நின்றாள்.

"ஏம்மா பூங்காவனம், இந்த வாசலைக் காலையிலயே வச்சிருக்கக் கூடாதா? கோலத்த மிதிச்சுக்கிட்டு எவ உள்ள வருவா? சுத்திச் சுத்தி என் கழுத்தே ஒடிஞ்சுபோச்சு!"

உள்ளே வந்து கூடையை இறக்கினாள். "இதுவா படிக்கட்டு? இத்தனை குறுகலா இருக்கே, கூடையோட இதுல ஏறச் சொல்றியா? நீ ஏறிக் காட்டு பார்ப்போம்!"

அவள் பின்னால் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நிழல் எங்கே என்றார் ஒருவர். என் கடையை மறைக்கிறதே என்று சண்டைக்கு வந்தார் இன்னொருவர். மைதானம் சந்தைபோல் இரைந்தது.

பூங்காவனம் ஆசானிடம் திரும்பினாள். "ஐயா, அப்படியென்றால் வேண்டும் என்று சொல்லிவிடட்டுமா?"

"அவர்கள் வாயே திறக்காதபோது ஒரு பதிலோடு ஓடி வந்தாய். இப்போது வாய் திறந்திருக்கிறார்கள். இப்போதும் நீதான் பதில் சொல்ல வேண்டுமா?"



சபை கூடும் நேரம் வந்தது. பூங்காவனம் போய்ச் சபையோர் எல்லோரையும் மைதானத்துக்கே அழைத்து வந்தாள். படிக்கட்டுக் கோட்டில், தனபாக்கியத்தின் எதிரே நிறுத்தினாள். தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.