கழுவிய காசு

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலைங்க டீச்சர். அப்புறம் எதுக்குக் காலையில இருந்து வாசலையே பார்த்துக்கிட்டிருக்கேன்?"

கேட்டவர் செங்கோடன். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றுப் பழங்காசு வியாபாரத்தில் இறங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேட்கப்பட்டவர் மரகதம். கல்லூரியில் வரலாறு நடத்துபவர். செங்கோடனைவிடப் பதினெட்டு வயது இளையவர். காசைப் படிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர். விற்பதைச் செங்கோடன் தாமாகவே கற்றுக்கொண்டார்.

கரூரில் ஒரு கல்யாண மண்டபம். நாணயக் கண்காட்சி. பந்தி மேஜைகளில் காசுகள் பரிமாறப்பட்டிருந்தன.

மரகதம் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருக்கு என்ன வித்தீங்க?"

"துரைக்கண்ணுன்னு ஒரு பஸ் கண்டக்டர். புதுசா சேர்க்க ஆரம்பிச்சவர். போன மாசம் ராசராசன் செப்புக்காசு ஒண்ணு வாங்கினார்."

"என்ன சொல்லி வித்தீங்க?"

"ஆயிரம் வருசத்துக் காசுன்னேன். அது நெசம். ராசராசன் பேரு பொறிச்சிருக்குதுன்னேன். அதுவும் நெசம்."

"எவ்வளவுக்கு?"

செங்கோடன் மேஜை விரிப்பை நீவிவிட்டார்.

"நாலாயிரத்து ஐந்நூறு."

மரகதம் நிமிர்ந்தார்.

"சந்தோசமாத்தான் வாங்கினாருங்க. பழங்காசுக்கு ஏதுங்க எம்.ஆர்.பி.?"

"சரி. பக்கத்து மேஜை டப்பா மேல உங்க துண்டு எதுக்குக் கிடக்குது?"

"ஜமால் பாய் டீ குடிக்கப் போயிருக்காருங்க. தூசி விழுமேன்னு..."

மரகதம் எழுந்துபோய்த் துண்டை எடுத்து, மடித்து, அவர் தோளிலேயே போட்டார். டப்பா நிறைய அதே செப்புக்காசு, கொட்டைப்பாக்குபோலக் குவிந்து கிடந்தது. செருகியிருந்த அட்டையில் எழுதியிருந்தது: எதை எடுத்தாலும் நூற்றைம்பது.

"ஆயிரம் வருசம் மண்ணுக்குள்ள கிடந்தது சார். உங்க மண்டபத்துத் தூசிக்கா பயப்படப்போகுது?"

செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னைக்கு வர்றேன்னு போன் பண்ணினாருங்க. குரலே சரியில்லை. விசயம் தெரிஞ்சுபோச்சுன்னு நினைக்கறேன். எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டா, இனி இங்க நான் மேஜை போட முடியுமா? என்ன சொல்லட்டும் டீச்சர்?"

மரகதம் வாசலைப் பார்த்தார்.

காக்கிச் சட்டையோடு துரைக்கண்ணு வந்துகொண்டிருந்தார். டப்பாவைக் கடந்தார். அட்டையைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

"தப்புப் பண்ணிட்டேங்கய்யா."

செங்கோடனுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு என்ற சொல் இன்று தம்மேல்தான் விழும் என்று நினைத்திருந்தார்; வந்தவரே அதைத் தம் பெயரில் எழுதிக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

துரைக்கண்ணு பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். காசு பூசைக் குத்துவிளக்குபோல மின்னியது.

"புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சுட்டேங்க. பாப்பாவுக்குப் பளிச்சுன்னு காட்டலாம்னு. கழுவினா மதிப்பே போயிடும்னு டிப்போவுல ஒருத்தர் சொல்றார். சம்சாரம் சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். அவகிட்ட இன்னும் சொல்லலை."

செங்கோடனின் ஒரு மாதத்துப் பயம், பேருந்திலிருந்து இறங்கும் பயணியைப்போல, இறங்கிப் போனது. அவர் குரலில் வியாபாரியின் கண்டிப்பு தானாக வந்து உட்கார்ந்தது.

"பழங்காசைக் கழுவலாமுங்களா தம்பி? அந்தப் பச்சைதான் அதோட வயசு."

அதுவும் உண்மைதான்.

"அப்ப எவ்வளவு போச்சுங்கய்யா?" துரைக்கண்ணு மரகதத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க படிச்சவங்க. நீங்களாவது சொல்லுங்க. பாதியாவது தேறுமா?"

மரகதம் காசை வாங்கி இருபுறமும் பார்த்தார். பிறகு அதைச் செங்கோடனின் உள்ளங்கையில் வைத்தார்.

"சாரையே கேளுங்க. பொய் சொல்ல மாட்டார்."

செங்கோடன் மனதுக்குள் கணக்குப் போட்டார். கழுவாத காசு நூற்றைம்பது. கழுவியது ஐம்பதுக்குப் போகும். நாலாயிரம் போயிற்று என்று சொல்லிவிட்டால், பழி புளியின்மேல் விழும். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். எவருக்கும் எதுவும் தெரியவராது. செங்கோடன் ஜமால் பாயின் டப்பாவைப் பார்த்தார்.

"நூறு ரூபா," என்றார்.

"என்னங்க?"

"கழுவினதுல போனது நூறு ரூபாதாங்க தம்பி."

துரைக்கண்ணுவின் தோள்கள் தளர்ந்தன. முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானுங்களா? நாலு நாளாச் சோறு இறங்கலைங்கய்யா. அப்ப மிச்சம் நாலாயிரத்து நானூறு அப்படியே இருக்குது."

செங்கோடன் மரகதத்தைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பார்க்கறீங்க? இப்பவும் நீங்க பொய் சொல்லலையே," என்ற மரகதம் பூதக்கண்ணாடியின்மீது மீண்டும் குனிந்துகொண்டார்.

துரைக்கண்ணு காசை வாங்கிப் பொட்டலம் கட்டினார். குளித்தலை வண்டிக்கு நேரமாகியிருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"உட்காருங்க தம்பி," என்றார் செங்கோடன். "நான் இன்னும் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலை."