மூன்றடி மேலே நட்ட கல்

“ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்,” என்றான் அளவு டேப். “நீ நாலடிங்கறே. நான் ஏழடிங்கறேன். பொய் சொல்றவன் நான் இல்லே.”

ஏரிக்கரைச் சரிவில், தண்ணீரில் பாதி முங்கி நின்ற அளவுக்கல்லுக்கு முகம் கறுத்துவிட்டது. ஐந்து நாளாக விடாமல் பெய்த மழை அன்று காலைதான் சற்று ஓய்ந்திருந்தது. இன்ஜினியர் இன்பவல்லி டேப்பை மதகின் மேல் வைத்துவிட்டு ஜீப்புக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் டேப் தானே நழுவி, ஏரியின் அடி வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டான்.

“உன்னை யார் அனுப்பினது?” என்று கேட்டான் கல். “பதினாலு வருசமா எட்டிப் பாக்காத ஆபீசு இன்னிக்கு மட்டும் ஏன் வருது?”

“தாலுகா பூரா பாக்கறோம். எந்த ஊர்ல வெள்ளம் வந்துச்சு, இனிமே வருமான்னு. வர்ற ஊருக்கு வரைபடத்துல சிவப்பு, வராத ஊருக்குப் பச்சை. சிவப்புன்னா கீழே பள்ளக்குடி நாப்பது வீட்டுக்கும் மேட்டுல மனை கிடைக்கும். பச்சைன்னா பைலை மூடிட்டுப் போயிருவோம்.”

“தம்பி, வாயைக் கொடுக்காதே,” என்று கல்லிடம் கிசுகிசுத்தார் மதகு. துருப்பிடித்த மனுசன். “போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. நமக்கென்ன?”

கல்லுக்கு டேப் மேலும் சந்தேகம், மதகு மேலும் சந்தேகம்.

முன்பெல்லாம் அவன் ஏரியின் அடித்தரையில்தான் நின்றான். அவன் மேல் ஆறாவது அடியில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் மதகைத் திறந்தே ஆக வேண்டும். இதுதான் ஊர் வழக்கம். திறந்தால் மதகுக்கு முன்னால் இருக்கும் வையாபுரி வகையறாவின் நடவு வயல் முழுகும். திறக்காவிட்டால், எட்டடியில் உபரித் தண்ணீர் கலங்கல் மேல் வழிந்து பள்ளக்குடிக்குள் பாயும். 

பதினாலு வருசத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் கல் சாய்ந்துபோனான். வையாபுரியும் ஆட்களும் கயிறு கட்டி இழுத்தார்கள். “அடியில ஒரே சேறு, நிக்க மாட்டான்” என்று சொல்லி, தேங்காய் உடைத்து, மூன்றடி மேலே சரிவில் நட்டார்கள். அதற்கப்புறம் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொடவே இல்லை. எப்படித் தொடும்? கோடு இப்போது கலங்கலுக்கும் மேலே. ஆனால் ஊர் அவனை ராசியான கல் என்றது. பொங்கலுக்குப் பொங்கல் மாலை போட்டது. அவனுக்கும் அது பிடித்திருந்தது. பிடித்த விஷயத்தை யார் தோண்டிப் பார்ப்பார்கள்?

“ராசியாம் ராசி!” என்று யாரோ சிரித்தார்கள்.

வாய்க்காலுக்குக் குறுக்கே நடைபலகையாய்க் கிடந்த பழைய கதவு அது. “என்னைத் தெரியலையா? செங்கமலம் வீட்டுக் கதவு. மூணு வருசத்துக்கு முன்னாடி நீ அஞ்சு, அஞ்சுன்னு சொல்லிக்கிட்டு நின்னியே, அன்னிக்குத்தான் தண்ணி என்னைக் கீலோட பேத்துச்சு. இப்ப அந்த வாசல்ல சாக்குதான் தொங்குது. அவ புள்ளைங்க ரெண்டும் உள்ளதான் இருக்கு.”

“இத்தனை நாள் ஏன் சொல்லலே?”

“எல்லாரும் என் மேல நடக்கறாங்க. எவன் குனிஞ்சு கேட்டான்?”

அதற்குள் இன்பவல்லி பதிவேட்டை இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். பதிவேடு வந்ததும் வராததுமாக, “பதினாலு வருசத்துல ஒரு தடவைகூட சிவப்பைத் தொடலே. பச்சை ஊர்,” என்றார்.

“செங்கமலம் வீட்டுக் கதவு பேந்தது?” என்றான் டேப்.

“‘மழையால் சேதம்’னு இருக்கு. வெள்ளம்னு எழுதலே.”

“இப்ப என்னை வச்சு அளக்கச் சொல்லுங்க, தெரியும்.”

“முறை தெரியாம பேசாதே. கல்லு நின்னா கல்லு காட்டறதைத்தான் எழுதணும். கல்லு இல்லேன்னாத்தான் உனக்கு வேலை.”

வையாபுரி கையில் புதுமாலையோடு சரிவில் இறங்கி வந்தார். “பாருங்கம்மா, எங்க கல்லை. நாலடிதான். எங்க ஏரி யாருக்கும் கெடுதல் செஞ்சதில்லே.”

பின்னாலேயே செங்கமலம் ஓடி வந்தாள். முழங்கால் வரை புடவை நனைந்திருந்தது. “அம்மா, வீட்டுக்குப் பின்னால ஓடைச் சத்தம் மாறிடுச்சும்மா. கொஞ்சம் வந்து பாருங்க.”

“இவளுக்கு மேட்டு மனை வேணும். அதான் ஓடை பேசுது!” என்றார் வையாபுரி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். 

இன்பவல்லி சிரிக்கவில்லை. கல்லையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கும் என்னவோ சரியாப் படலே. ஆனா கல்லு நாலுன்னு காட்டுதே” என்று பேனாவைத் திறந்தார்.

வையாபுரி மாலையைப் போட்டுக் கல்லின் தோளில் தட்டினார். “அப்படியே நில்லுடா ராசா.”

“ஆமாண்டா, ஒரே நிமிசம்,” என்றார் மதகு. “எழுதினதும் போயிருவாங்க.”

கல் காலடியைப் பார்த்தான். ஐந்து நாள் மழையில் மண் கூழாகியிருந்தது. காலையிலிருந்தே அவன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றான். விழுந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். முகம் சேற்றுக்குள். இனி மாலை கிடையாது. இவனைத் தூர எறிந்துவிட்டு வேறு கல்லை நடுவார்கள். காலையிலிருந்து எல்லார் மேலும் சந்தேகப்பட்டவன், தன் மேல் மட்டும் படாமல் விட்டிருந்தான்.

மாலையோடு குப்புறச் சரிந்தான். தண்ணீர் அவனை முழுசாக மூடியது.

இன்பவல்லி பேனாவை மூடிவிட்டு டேப்பைக் கையில் எடுத்தார்.

அப்படியே நில் என்றுதான் சொன்னார்கள். அவன் நிற்கவில்லை.