கால்வாய்க் கரையில் ஒரு மனை

கடலைத் தோண்டிக் கப்பல் விடப்போகிறேன் என்று ஒரு மந்திரி மணல்மேட்டுக்குப்பத்தில் வந்து இறங்கினார். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேர். கருத்து முழுக்க அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கப்பல் இனிமே தீவைச் சுத்த வேண்டாம். துறைமுகம் வரும், வேலை வரும். ஆபத்துன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் இன்ஜினியர் ஒத்துக்கிட்டா கால்வாயையே விட்டுடறேன்!"

மீன் போய்விடும் என்றார்கள். "வேற இடத்துக்குத்தானே போகும்?" என்றார் இன்ஜினியர். மணல் மூடிவிடும் என்றார்கள். "அள்ளிக்கலாம்." புயலடித்தால் கடல் ஊருக்குள் வரும் என்றார்கள். "வரவே வராது!"

டீ கொடுக்க வந்த மிக்கேலம்மாள் தட்டோடு இன்ஜினியர் முன்னால் நின்றாள்.

"ரொம்பச் சந்தோஷம் சார். எங்க ஊர்ல புது வள்ளம் கட்டுன ஆசாரிதான் அதுல முதல்ல ஏறிக் கடலுக்குப் போவணும். அது வழக்கம். அதனால கால்வாய்க் கரையிலயே உங்களுக்கு ஒரு மனை தர்றோம். வீடு கட்டிப் புள்ளகுட்டியோட வந்து இருங்க."

ஊரே கைதட்டியது. மந்திரியும் தட்டினார். இன்ஜினியர் பதறிப்போய் அவர் காதில் கிசுகிசுத்தார். கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"ஐயோ சார், முதல் புயலுக்கே கடல் வீட்டுக்குள்ள வந்துடுமே!"

மாதா கோயில் உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதைக் குப்பம் முழுக்கச் சொன்னது.

மிக்கேலம்மாள் மந்திரியிடம் டம்ளரை நீட்டினாள்.

"ஒத்துக்கிட்டார் ஐயா. ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிட்டுக் கிளம்புங்க."