ரெண்டு தடவை வந்த மாசம்

டேய், சிரிக்காதீங்க. தீபாவளி எப்பன்னு கேட்டா, "லீவு என்னைக்கோ அன்னைக்கு"ன்னு சொல்ற கூட்டம் நீங்க. நானும் அதே கூட்டம்தான். பாலிடெக்னிக்கைப் பாதியில விட்டவனுக்குப் பஞ்சாங்கமா தெரியும்?

சிவகாசி அச்சாபீஸ்ல எனக்கு வேலை. கொச்சியில இருக்கிற யூதக் குடும்பங்களுக்கு ஒரு காலண்டர் ஆர்டர் வந்துச்சு. மொதலாளி அண்ணாச்சி புரூஃபைக் கையில குடுத்தாரு.

"கொச்சிக்குப் போயி ரிப்கா டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. வாங்கலைன்னா வராத."

டீச்சர் வீட்டுல மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாங்க. நான் போனப்ப மூணேகால்.

ஏன் லேட்டுன்னு டீச்சர் கேக்கல. கோயமுத்தூர்ல பதினஞ்சு வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தவங்க. புரூஃபை வாங்கி விரல் விட்டு எண்ணினாங்க.

"ஒரு மாசத்தைக் காணோமே, தம்பி."

"அதார்னு ஒரு மாசம் ரெண்டு தடவை இருந்துச்சு டீச்சர். டைப் பண்ணவன் தூங்கிட்டான்போல. ஒண்ணைத் தூக்கிட்டேன்."

"நீயேவா?"

"நானேதான்." பெருமையாத்தான் சொன்னேன்.

உள்ளேருந்து அவங்க வீட்டுக்காரர் எலியாஸ் சார் எட்டிப் பார்த்தாரு. "ரிப்கா, முடிஞ்சுதா?"

"ரெண்டு நிமிஷம்."

என்கிட்ட திரும்பினாங்க. "இதைப் பார்த்துத்தான் மஸ்கட்ல என் தம்பி டிக்கெட் போடுவான். ஆறு வருஷம் கழிச்சு பஸ்கா பண்டிகைக்கு வர்றான். உன் காலண்டர்படின்னா ஒரு மாசம் முன்னாடியே வந்து, பண்டிகை வர்றதுக்குள்ள லீவு முடிஞ்சு போயிடுவான்."

புரூஃபைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். ஆனா வாய் சும்மா இருக்குமா?

"தப்புத்தான் டீச்சர். ஆனா உங்க பண்டிகை ஏன் ஒரு வருஷம் மார்ச்சு, ஒரு வருஷம் ஏப்ரலுன்னு ஓடுது? எங்க பொங்கலைப் பாருங்க, டாண்ணு வரும்."

சிரிச்சிட்டாங்க. "நிலாவைப் பார்த்து மாசம் எண்ணுறோம். வருஷத்துக்குப் பதினொரு நாள் குறையும். விட்டா வசந்த காலப் பண்டிகை குளிர்காலத்துக்குப் போயிடும். அதனால சில வருஷம் அதார் ரெண்டு தடவை."

"எந்த வருஷம்னு யாரு சொல்றது?"

"இப்பக் கணக்கு இருக்கு. அந்தக் காலத்துல பெரியவங்க கூடிப் பேசுவாங்க. வயல்ல கதிர் முத்திடுச்சா? பாலமெல்லாம் நல்லா இருக்கா? பண்டிகைக்குத் தூரத்துலேருந்து கெளம்பினவங்க வந்து சேர்ந்துட்டாங்களா?"

"சேரலைன்னா?"

"அதே மாசம் இன்னொரு தடவை."

"வராதவனுக்காக ஊரே ஒரு மாசம் காத்திருக்குமா? கதை விடாதீங்க டீச்சர்."

டீச்சர் எந்திரிச்சுப் போயி சாப்பாட்டு மேசை மேல மூடியிருந்த துணியை எடுத்தாங்க.

மூணு தட்டு. மூணும் கவுத்தது கவுத்தபடியே இருந்துச்சு. சோத்துல யாரும் கரண்டிகூட வைக்கல. எலியாஸ் சார் ஓடி வந்து உட்கார்ந்தாரு.

"எத்தனை மணிக்குச் சாப்பிடறதாப் பேச்சு?"

"ஒரு மணிக்கு டீச்சர்."

"இப்பத்தான் ஒரு மணி. கை கழுவிட்டு வா."

அந்த மீன் குழம்பை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எனக்காக எந்த வீட்லயும் அப்படிக் காத்திருந்ததில்ல. சாப்பிட்டு, தூக்கின மாசத்தோட இருபத்தொன்பது கட்டத்தையும் என் கையாலேயே எழுதினேன். டீச்சர் கையெழுத்துப் போட்டாங்க.

ரயில் லேட்டுன்னு உங்ககிட்ட அடிச்சு விடலாம். ஆனா அது பன்னெண்டுக்கே வந்துடுச்சு. நான்தான் கடற்கரையில சீனவலை போட்டு மீன் பிடிக்கிறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னேன். அவங்க எனக்காகப் பசியோட உட்கார்ந்திருந்தப்ப, நான் ரெண்டு பிளேட்டு பழம்பொரி தின்னேன்.