பதினொன்றாம் வகுப்பில் மூன்று பைகள்

தீர்ப்பு சொல்லப் போவது நீங்கள். அதனால் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்.

சென்னையில் ஒரு பள்ளி. பதினொன்றாம் வகுப்பில் பெனிட்டா, மோனிஷா, லோகேஸ்வரி என்று மூன்று பெண்கள். மூவருக்கும் வீடு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், ஒரே பிளாக்கில். முதல் இருவர் விஷயம் வகுப்புக்கே தெரியும். லோகேஸ்வரி மட்டும் பள்ளியில் கொடுத்திருப்பது அவள் அம்மா வீட்டு வேலை செய்யும் வீட்டின் முகவரியை. மாலையில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, அந்த வீடு இருக்கும் பங்களாத் தெரு வழியாக நடந்து போவாள். பஸ்ஸில் மோனிஷா சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

அன்று கணக்கு டீச்சர் சந்திரகலா, ஸ்டாஃப் ரூமில் விட்டுவந்த தன் ஹேண்ட்பேக்கை எடுத்துவர லோகேஸ்வரியை அனுப்பினார். அவளும் கொண்டுவந்து கொடுத்தாள். பாடம் முடிந்து திறந்து பார்த்தால் போனைக் காணோம். பேக்கைத் தொட்டவள் லோகேஸ்வரி ஒருத்திதான். ஆனால் பங்களாத் தெருப் பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

"வாரியக் குடியிருப்புலேர்ந்து வர்றவங்க மட்டும் பையை எடுத்துட்டு முன்னாடி வாங்க" என்றார் டீச்சர்.

பெனிட்டா பையை மேசைமேல் கவிழ்த்தே காட்டினாள். "நல்லா பாத்துக்குங்க மிஸ். எங்க ஏரியா பேரு கெடக் கூடாது."

மோனிஷா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாப்பது பேரும் காட்டட்டும் மிஸ். மொதல்ல நானே காட்டறேன்."

"அப்போ நீதான் எடுத்திருக்கே. டிசி வாங்கிட்டுப் போ" என்றார் டீச்சர். மோனிஷா அசையவில்லை. டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "சரி, அங்கேர்ந்து வேற யார் வர்றது? அந்தப் பேரைச் சொல்லிட்டு உன் இடத்துல போய் உட்காரு."

பெனிட்டா தரையைப் பார்த்தாள். மோனிஷா லோகேஸ்வரி உட்கார்ந்திருந்த பின்பக்கம் திரும்பக்கூட இல்லை. "தெரியாது மிஸ்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக் கதவு வரை இழுத்துப் போனபோது, கடைசி பெஞ்சில் லோகேஸ்வரி எழுந்தாள். "நானும் அங்கதான் மிஸ். அதே பிளாக்." பையைக் கொண்டுவந்து திறந்து வைத்தாள். உள்ளே போன் இல்லை. ஆனாலும் டீச்சரின் பார்வை மாறிவிட்டது.

"என் ஹேண்ட்பேக்கை நீதானே எடுத்துட்டு வந்தே?"

போன் ஸ்டாஃப் ரூம் சார்ஜரிலேயே கிடந்தது பிறகு தெரிந்தது. புதிர் அதுவல்ல. அந்த வகுப்பறையில் மானத்தோடு நடந்துகொண்டவள் யார்? ஒருத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

விடை: லோகேஸ்வரி என்று பலரும் சொல்வீர்கள். அவள் துணிச்சல் பெரியதுதான், ஆனால் அவள் வெளியே சொன்னது தானே மறைத்து வைத்ததை. பெனிட்டாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் ஏரியாவின் நல்ல பேரை ஒரு பையைக் கவிழ்த்துக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும் என்பதை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். என் விடை மோனிஷா. தன் மானத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். தன்னைக் கண்டால் முகம் திருப்புகிறவளின் மானத்துக்காகப் படிப்பையே பணயம் வைத்து நின்றவள் அவள். பதினாறு வயதில் என்னால் அது முடிந்திருக்காது.