மலை சுற்றிய வழக்கு

சாம்பிராணிக் கரண்டியிலிருந்து ஒரு கங்கு குழந்தைவேலுவின் இடது பாதத்தில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்பலவாணன்தான் பதறித் தட்டிவிட்டார்.

"என்ன வே, சுடலையா உமக்கு?"

"எது?" என்றார் குழந்தைவேலு.

மறுநாள் டாக்டர் பாதத்தை ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "சர்க்கரை நரம்பைக் கெடுத்துக்கிட்டு இருக்கு. நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு தினமும் நடங்க. இல்லைன்னா முதல்ல விரலை எடுக்க வேண்டி வரும்."

அதில் 'முதல்ல' என்ற சொல்லைத்தான் குழந்தைவேலுவால் மறக்க முடியவில்லை.

தாலுகா ஆபீஸ் நாற்காலியிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்றவர் அவர். அதன்பின் கூத்தன்மலை அடிவாரத்தில் இருக்கும் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்துக்குத் தலைவி ஞானாம்பிகை அம்மா. வயதில் குழந்தைவேலுவைவிட இளையவர். சீடர்கள் அவரை 'அம்மா' என்பார்கள். அவர் சீடர்களை 'அண்ணாச்சி' என்பார். இரண்டு பக்கமும் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

குழந்தைவேலு முயற்சி செய்யாமல் இல்லை. மகன் வாங்கி அனுப்பிய ஷூவைப் போட்டுக்கொண்டு, கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி வரை போனார். அங்கே வடை வாசனை வந்தது. யோகா வகுப்பில் சேர்ந்தார். சவாசனம் மட்டும் பிரமாதமாக வந்தது. குறட்டை பொறுக்காமல் மாஸ்டர் எழுப்பி மடத்துக்கு அனுப்பினார்.

கடைசியில் அம்மாவிடம் போய் நின்றார்.

"நடக்கப் பிடிக்கலை அம்மா. பயம் இருக்கு. ஆனாலும் பிடிக்கலை. காலையில எந்திரிச்சதும் இன்னைக்கு எப்படித் தப்பிக்கலாம்னுதான் புத்தி போகுது."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன பிடிக்கும் அண்ணாச்சி?"

"உட்காரப் பிடிக்கும்."

"உட்கார்ந்து?"

"பேசப் பிடிக்கும்."

"என்ன பேச?"

குழந்தைவேலு கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "அம்பலவாணன் சொல்லுதது தப்புன்னு பேச."

அம்மா சிரித்துவிட்டு அடுத்த கட்டுக் கீரையை எடுத்தார்.

அது மடமே அறிந்த வழக்கு. இறைவனோடு சேர்ந்த பிறகு, சேர்ந்திருக்கிறோம் என்று உயிருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்பது குழந்தைவேலுவின் கட்சி. தெரியாது என்பார், அதே மடத்துச் சீடரான அம்பலவாணன். பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் தொடங்கினால், பரிமாறுகிறவர்கள் மோர் வாளியோடு காத்து நிற்க வேண்டியதுதான்.

அன்று பந்தியிலும் தொடங்கியது. "தெரியாமக் கிடக்கதுக்குப் பேரு முத்தி இல்லை வே, மயக்கம்!" என்று குழந்தைவேலு இலையைத் தட்டினார். ரசம் பக்கத்து இலைக்குப் போயிற்று.

அம்மா எழுந்து வந்தார்.

"இந்தப் பேச்சு இனிமே மடத்துக்குள்ள வேண்டாம்."

இருவரும் தலை குனிந்தார்கள்.

"வெளியே பேசிக்கோங்க. ஒரே இடத்துல நின்னு பேசினா ஊரு சண்டைன்னு கூடிரும். மலையைச் சுற்றிக்கிட்டே பேசுங்க."

அம்பலவாணன் சர்வேயராக இருந்தவர். காடு கழனியெல்லாம் அளந்த கால். விடிந்ததும் மலையைச் சுற்றி வருவது அவருக்கு வழக்கம். மறுநாள் அவர் கிளம்பும்போது குழந்தைவேலுவும் ஷூவை மாட்டிக்கொண்டு கூடப் போனார்.

புளியமரம் வந்ததும் மூச்சு வாங்கியது. "இங்கேயே நின்னு பேசுவோம்."

"அம்மா நிக்கப்படாதுன்னுட்டாங்க வே" என்று அம்பலவாணன் நடந்துகொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் கத்தினார். "உப்பு தண்ணியில கரைஞ்ச பிறகு, நான் உப்புன்னு சொல்லுமா?"

பதில் குழந்தைவேலுவின் தொண்டையில் இருந்தது. சொல்வதற்கு ஆள் பக்கத்தில் இல்லை. அன்று பகல் முழுக்க அது அவரை அரித்தது.

மறுநாள் புளியமரத்தைத் தாண்டிப் போய்ப் பதிலைச் சொன்னார். "சொல்லாது. ஆனா குடிச்சுப் பாரும், இருக்கும்!" அம்பலவாணன் சுனைப்பக்கம் திரும்பும்போது ஒரு மறுப்பைப் போட்டுவிட்டு நடையை எட்டிப் போட்டார். அதற்குப் பதில் சொல்லச் சுனைக்குப் போக வேண்டியிருந்தது. முன்னால் போகிறவருக்குத்தான் கடைசி வார்த்தை. பின்தங்கினால் வாயடைத்துப் போவோம் என்பதைக் குழந்தைவேலு சீக்கிரமே தெரிந்துகொண்டார்.

மழைக்காலம் வருவதற்குள் அவர் மலையை முழுதாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நல்லா இறங்கியிருக்கு. தினமும் நடக்கிறீங்க போல. விட்டுடாதீங்க, விட்டா மறுபடி ஏறிடும்."

"நான் எங்கே நடந்தேன்? ஒரு ஆளைத் துரத்திக்கிட்டுல்லா போறேன்" என்றார் குழந்தைவேலு.

பிறகு ஒரு நாள் அந்த வழக்கு முடிந்தது. மலையின் மேற்குப்பக்கம், ஓடைப் பாலத்தின் சுவரில் அம்பலவாணன் கையூன்றி உட்கார்ந்துவிட்டார்.

"சரி வே. நீரு சொல்லுததுதான் சரி. உயிருக்குத் தெரியும்."

குழந்தைவேலு மடத்துக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார். மத்தியானம் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மறுநாள் எழுந்தார். ஷூவைப் பார்த்தார். எதற்குப் போக வேண்டும் என்று விளங்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. அம்பலவாணனும் அறையை விட்டு வெளியே வரவில்லை. பந்தியில் இருவரும் குனிந்து சாப்பிட்டார்கள். ரசம் அவரவர் இலையில் இருந்தது.

வாரக் கடைசியில் குழந்தைவேலு அம்மாவிடம் வந்தார்.

"ஜெயிச்சுட்டேன் அம்மா. ஆனா கால் எழும்ப மாட்டேங்குது. பழைய மாதிரியே ஆயிட்டேன். விரல் போயிருமோன்னு பயமா இருக்கு."

"அவரு ஒத்துக்கிட்டப்போ, முன்னால நடந்தது யாரு?"

"நான்தான்." குழந்தைவேலுவின் குரலில் பெருமை இருந்தது. "இப்பல்லாம் நான்தான் முன்னால."

"அவரு?"

"பின்னால வந்தாரு. கூப்பிட்டாரு. நான் பதிலைச் சொல்லிக்கிட்டே போனேன். திரும்பிப் பார்த்தா பாலத்துச் சுவர்ல உட்கார்ந்து..."



"நெஞ்சைப் பிடிச்சிருந்தாரா?"

"இல்லை அம்மா. மூச்சு வாங்கினாரு. நான் கிட்ட போன பிறகுதான் நீரு சொல்லுததுதான் சரின்னாரு." தரையைப் பார்த்துச் சொன்னார். "என்னை நிக்க வைக்க அவருக்கு வேற வழி இல்லை போல."

அம்மா தலையசைத்தார்.

"நாளைக்கு அவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. அவரை முன்னால விட்டு நடங்க."

"அவரு கட்சியை ஒத்துக்கணுமா?"

"ஒத்துக்க வேண்டாம். மெதுவா மறுத்துப் பேசுங்க."

குழந்தைவேலு வணங்கிவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்தார்.

"இருந்தாலும் அம்மா, ரெண்டுல எதுதான் சரி? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."

"அதைச் சொல்லிட்டா, ரெண்டு பேரும் உட்கார்ந்துருவீங்க அண்ணாச்சி" என்றார் அம்மா.