கரடிமடுவை மூடிய ஊதாப்பூ

காட்டுக்குள் கரடிமடு என்றொரு ஆழமான குளம் இருந்தது. ஓடை ஒரு பக்கம் உள்ளே வரும், மறுபக்கம் வெளியேறும். அங்கே பேச்சி என்ற விரால் மீனும் பவளம் என்ற தாழைக்கோழி நீர்ப்பறவையும் அண்டை வீட்டார்போல் வாழ்ந்தன. பவளத்துக்குச் சிவந்த மூக்கு, ஓயாத வாய்!

ஐப்பசி வெள்ளம் வடிந்த ஒரு காலையில் ஒரு செடி மிதந்து வந்தது. உப்பிய பச்சைத் தண்டுகள், நடுவில் ஊதாப்பூக் கொத்து.

"அக்கா! மேலே வந்து பாருங்கள்! என்ன அழகு, என்ன அழகு!" என்று கூவியது பவளம்.

பேச்சி தலையை நீட்டியது. "என்ன செடி இது?"

"ஆகாயத்தாமரை! ஓடைக்கு மேற்பக்கம் ஒரு பங்களாத் தொட்டியில் வளர்த்தார்களாம். தொட்டி நிரம்பி வழிந்ததும் அள்ளி ஓடையில் வீசிவிட்டார்களாம். நீர்க்காகம் சொன்னது."

"தொட்டியையே நிரப்பியதா? சரி, இதை யார் தின்பார்கள்?"

"நத்தை கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அதனால்தான் ஓர் இலைகூடக் கிழியாமல் இருக்கிறது!"

பேச்சி செடியை ஒருமுறை சுற்றி வந்தது. "பவளம், இதைக் கரையில் இழுத்துப் போட்டுவிடு. ஒரே ஒரு செடிதானே!"

"வந்த விருந்தாளியை விரட்டுவதா? எனக்குக் கூடு கட்ட இதைவிட நல்ல மெத்தை கிடைக்குமா?"

பவளம் செடியைக் கொத்திப் பிரித்தது. மூலைக்கு ஒரு துண்டாகக் கொண்டுபோய் விட்டது.

செடி வேர் விட்டது. வளர்ந்தது.

ஒரு துண்டு இரண்டானது, இரண்டு நான்கானது. பேச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் மடுவைச் சுற்றி வரும். நேற்று வெயில் விழுந்த இடத்தில் இன்று நிழல் இருக்கும். திரும்பவும் சுற்றும். நிழல் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

தை பிறந்தபோது பாதி மடு மூடிக்கொண்டது. வெளிச்சம் இல்லாமல் அடியில் பாசி அழுகியது. தண்ணீர் நாறியது. அயிரை மீன்கள் செத்து மிதந்தன, மிதக்கவும் இடமில்லாமல் வேர்களில் சிக்கின.

விராலுக்கோ அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். பேச்சி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இடுக்குத் தேடி அலைந்தது. இங்கே முட்டும், அடைத்திருக்கும். அங்கே முட்டும், அடைத்திருக்கும்.

"அம்மா, மூச்சு முட்டுகிறது!"

"என் வாலைப் பிடித்தாற்போல் வாருங்கள்! நிற்காதீர்கள்!"

கடைசியில் ஓர் இடுக்கு கிடைத்தது. திரும்பிப் பார்த்தபோது குஞ்சுகளில் சிலவற்றைக் காணவில்லை. பேச்சி வேர்க்காட்டுக்குள் திரும்பப் பாய்ந்து தேடியது. அவை கிடைக்கவே இல்லை.

பவளம் மட்டும் மெத்தை நடுவே முட்டையிட்டுச் சுகமாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தண்ணீர், யார் வரமுடியும்?

கீரி வந்தது. நீந்தி வரவில்லை, நடந்தே வந்தது! செடிகள் பாய் பின்னினாற்போல் அவ்வளவு நெருக்கமாக இருந்தன. பவளம் சிறகடித்துக் கத்தியது, கொத்தியது, சுற்றிச் சுற்றிப் பறந்தது. கீரி முட்டைகளைக் குடித்துவிட்டு, வந்த வழியே கால் நனையாமல் திரும்பியது.

"அக்கா..." என்று அழுதது பவளம்.

"அழுதுகொண்டே இழு!" என்றது பேச்சி.

பவளம் இழுத்தது. இப்போது அசையவில்லை. செடியோடு செடி கைகோத்துக் கிடந்தது.

அந்த வேளையில் மூக்கன் என்ற நீர்நாய் தன் கூட்டத்தோடு கரையேறிப் போய்க்கொண்டிருந்தது. பேச்சியின் இனத்தையே தின்று வளர்ந்த நீர்நாய் அது. பேச்சி ஓர் இடுக்கில் தலையை நீட்டியது.

"மூக்கன் அண்ணே! தின்பதற்கு முன் ஒரு வார்த்தை!"

மூக்கன் திகைத்து நின்றது. "விராலே என்னைக் கூப்பிடுகிறதா? உனக்குப் பயமில்லையா?"

"நடுங்குகிறேன்! ஆனால் நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"வேறு மடு தேடி. இங்கே மீன் இல்லை, தண்ணீரும் நாறுகிறது."

"செடி ஓடை வழியாக அங்கேயும் வரும். அப்புறம் எங்கே போவீர்கள்? உங்களுக்குப் பல் இருக்கிறது, கை இருக்கிறது. இதை இழுத்துப் போடுங்கள். மடு திறக்கும்வரை எங்களைத் தொடாதீர்கள்!"

மூக்கன் தன் குட்டிகளைப் பார்த்தது. அவற்றின் விலா எலும்புகள் தெரிந்தன. "சரி!" என்றது.

நீர்நாய்கள் கடித்து இழுத்தன. மூக்கன் முதல் செடிக் குவியலை ஓடை வெளியேறும் வாய்க்குத் தள்ளிக்கொண்டு போனது.

"அப்படித்தான்! அடித்துக்கொண்டு போகட்டும்! நம்மைவிட்டுத் தொலைந்தால் போதும்!" என்றது பவளம்.

பேச்சி குறுக்கே பாய்ந்தது. "பங்களாக்காரர்களும் இப்படித்தானே வீசினார்கள்! கீழே மடுக்களில் இருப்பவர்கள் நமக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? கரைக்கு! பாறைமேல் போடுங்கள், வெயிலில் காயட்டும்! ஒரு துண்டுகூடத் தண்ணீரில் விழக்கூடாது!"

அது கடினமான வேலை. மாசி போய்ப் பங்குனி வந்தது. ஓடை நண்டுகளைத் தின்றே நாளோட்டிய நீர்நாய்களுக்கு ஈறு கிழிந்தது. பவளம் சிதறிய துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கரை சேர்த்தது. இன்று திறந்த இடம் சில நாளில் மூடும், திரும்ப இழுப்பார்கள். நடுவே ஒருநாள், பசி தாங்காத குட்டி நீர்நாய் ஒன்று பேச்சியின் குஞ்சைக் கவ்வியது. மூக்கன் குட்டியின் பிடரியைக் கடித்தது. குஞ்சு உயிரோடு நழுவியது.

சித்திரையில் மடுவின் நடுவே வானம் தெரிந்தது. பேச்சி குஞ்சுகளோடு மேலே வந்து, வேண்டிய மட்டும் காற்றைக் குடித்தது. ஆனால் சேற்றுக்குள் விதைகள் கிடந்தன. ஓரங்களில் முளை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. பவளம் ஒவ்வொரு காலையும் கரையோரம் சுற்றி வந்து முளைகளைப் பிடுங்கியது. மறந்து உட்கார்ந்த நாளே இல்லை.

"விராலே, மடு திறந்துவிட்டது. பேச்சு முடிந்தது. இனி நீ மீன், நான் நீர்நாய்!" என்றது மூக்கன்.

"தெரியும் அண்ணே! அதனால்தான் ஆழத்தில் நின்று பேசுகிறேன்!" என்று சொல்லிவிட்டுப் பேச்சி சேற்றைக் கலக்கிக்கொண்டு பாய்ந்தது.

அழகுக்கு மயங்கி அந்நியச் செடிக்கு இடம் கொடுத்தால், வந்த அன்று ஒரு மூக்கால் முடிந்திருக்கும் வேலை பிறகு ஊரே கூடி இழுத்தாலும் முடியாது.